கந்தாயமும் பள்ளிக்கூடமும்

வருஷா வருஷம் கோடையில் எங்கள் டவுன்ஷிப்பிலிருந்து ஒரு காகிதம் வரும். சொத்து வரி பில். நியூஜெர்சியில் வீடு வாங்கிய எல்லோருக்கும் அதைப் பிரித்ததும் வரும் பெருமூச்சு தெரிந்திருக்கும். கவுண்டிக்கு இவ்வளவு, ஊர் நிர்வாகத்துக்கு இவ்வளவு, பள்ளிக்கூடத்துக்கு இவ்வளவு என்று தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். பெரும்பாலான ஊர்களில் கடைசியாகச் சொன்னதுதான் பாதிக்கு மேல்.

இதைப் பற்றிப் பேச்சு வந்தால் நம்மவர்கள் கூட்டத்தில் யாராவது ஒருவர் தவறாமல் சொல்வார்: "நம்ம ஊர்ல வீட்டு வரிக்கும் ஸ்கூலுக்கும் என்ன சார் சம்பந்தம்? வரி கார்ப்பரேஷனுக்கு, ஃபீஸ் ஸ்கூலுக்கு. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் இல்லை. சம்பந்தம் இருந்தது. நான் வளர்ந்த மைசூரிலும் இருந்தது, நம்மில் பலர் வந்த பழைய சென்னை மாகாணத்திலும் இருந்தது. பள்ளிக்கூடத்துக்கென்று ஊரார் தங்களுக்குத் தாங்களே வரி போட்டுக்கொள்வது எப்படி என்று கிட்டத்தட்ட நூறு வருஷம் அங்கே முயன்று பார்த்திருக்கிறார்கள். அந்த முடிச்சு எப்படி விழுந்தது, எப்படி அவிழ்ந்தது என்பதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இங்கே வரி எப்படிப் போடுகிறார்கள் என்று பார்த்துவிடலாம். பத்து வருஷமாகக் கட்டுகிறவர்களுக்கும் இதில் குழப்பம் உண்டு. "வீட்டு மதிப்பை ஏத்திட்டான், அதனால வரி ஏறிடுச்சு" என்பார்கள். உண்மையில் கணக்கு தலைகீழாகப் போகிறது. இங்கே முதலில் முடிவாவது வீதம் இல்லை, தொகை.

பிப்ரவரி, மார்ச்சில் கவர்னர் பட்ஜெட் உரை ஆற்றுவார். அதையொட்டி ஒவ்வொரு பள்ளி மாவட்டத்துக்கும் மாநில உதவி எவ்வளவு என்று தெரியவரும். பள்ளி வாரியம் (நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஆட்கள், பெரும்பாலும் நம் தெருக்காரர்களேதான்) அடுத்த வருஷச் செலவைக் கணக்கிடும். ஆசிரியர் சம்பளம், மருத்துவக் காப்பீடு, பஸ், சிறப்புக் கல்வி, கூரை ஒழுகல் எல்லாம் சேர்த்து. அதிலிருந்து மாநில உதவியையும் மற்ற சில்லறை வரவுகளையும் கழித்தால் மிஞ்சுவதை ஊரார் சொத்து வரியாகத் தரவேண்டும்.

சுலபத்துக்காக ஒரு கணக்கு. செலவு 10 கோடி டாலர். மாநில உதவி இரண்டரைக் கோடி, மற்றவை அரைக் கோடி. மிச்சம் 7 கோடி. ஊரிலுள்ள எல்லா வீடு, கடை, அலுவலகங்களின் வரிக்குரிய மதிப்பு 500 கோடி என்றால், நூறு டாலர் மதிப்புக்கு 1 டாலர் 40 சென்ட். 5 லட்சம் டாலர் மதிப்புள்ள வீட்டுக்கு 7,000 டாலர். அடுத்த வருஷம் ஊரில் எல்லா வீட்டு மதிப்பும் இரண்டு மடங்கானாலும், பள்ளிக்கு வேண்டிய தொகை அதே 7 கோடி என்றால் வீதம் 70 சென்ட்டாக இறங்கும். நீங்கள் கட்டுவது அதே 7,000. மதிப்பு என்பது மொத்தச் சுமையை யாருக்கு எவ்வளவு என்று பிரிக்கும் தராசு மட்டும்தான். சுமையின் எடையைத் தீர்மானிப்பது பட்ஜெட்.

இந்தத் தொகையை வருஷத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது என்று நியூஜெர்சியில் 2010-ல் சட்டம் வந்தது. மாணவர் எண்ணிக்கை, மருத்துவக் காப்பீட்டுச் செலவு போன்றவற்றுக்குச் சில விலக்குகள் உண்டு. அதையும் தாண்டி வேண்டுமென்றால் ஊராரிடம் ஓட்டுக்கு விடவேண்டும்.

ஆக, இந்த ஏற்பாட்டின் ஆணிவேர் இதுதான்: செலவை முடிவு செய்பவரும் வரியை முடிவு செய்பவரும் ஒருவரே. அவர் உங்கள் பக்கத்து வீட்டுக்காரர். பிடிக்கவில்லையென்றால் கூட்டத்தில் எழுந்து கேட்கலாம், அடுத்த தேர்தலில் மாற்றலாம்.

இனி நம் ஊருக்கு வருவோம்.

1850களில் கோதாவரி டெல்டாவில், நரசாப்பூர் பக்கம், சப் கலெக்டராக இருந்த ஜி.என்.டெய்லர் ஒரு காரியம் செய்தார். கிராமத்து ரயத்துகளிடம் பேசி, கட்டுகிற நிலவரியோடு கூடுதலாக ஒரு சிறு பங்கு கொடுத்தால் உங்கள் ஊரில் பள்ளிக்கூடம் என்று ஒப்புக்கொள்ள வைத்தார். அப்படி வந்தவற்றுக்கு 'ரேட் ஸ்கூல்' என்று பெயர். அந்த ஒப்புதலில் எவ்வளவு விருப்பம், எவ்வளவு பயம் என்பது கேள்விதான். சப் கலெக்டர் நேரில் வந்து கேட்டால் எந்த ரயத்து முடியாது என்று சொல்வார்? ஆனால் பள்ளிகள் வந்தன, பிள்ளைகள் படித்தார்கள்.

இதைப் பார்த்துத்தான் 1863-ல் சென்னை மாகாணக் கல்விச் சட்டம் வந்தது. ஊரார் விரும்பினால் பள்ளிக்காகத் தங்களுக்குத் தாங்களே வரி விதித்துக்கொள்ளலாம். சட்டம் வந்ததே தவிர, கோதாவரிக்கு வெளியே பெரிதாக யாரும் விரும்பவில்லை. தானாகப் போய் வரி கேட்டு வாங்கிக்கொள்ளும் ஊர் உலகத்தில் எங்கே இருக்கிறது? :-)

1871-ல் உள்ளூர் நிதிச் சட்டம் வந்தது. இதில் விருப்பமெல்லாம் இல்லை. நிலவரியோடு ஒரு மேல்வரி, சாலைகளுக்கும் பள்ளிகளுக்கும். கூடவே கிராமப் பள்ளிகளுக்கென்று வீட்டு வரி ஒன்றையும் சேர்த்தார்கள். நிலத்துக்கு மேல்வரி என்றால் முணுமுணுத்துக்கொண்டு கட்டிய ஜனங்கள், குடியிருக்கும் வீட்டுக்கு வரி என்றதும் கொதித்துவிட்டார்கள். கொஞ்ச நாளிலேயே அரசு வீட்டு வரியைக் கைவிட்டது. நிலத்தின் மேல்வரி மட்டும் நிலைத்தது. கட்டியவர்கள் விவசாயிகள், பள்ளிக்கூடம் எங்கே வரும் என்று முடிவு செய்தது அதிகாரிகள்.

அதே காலத்தில் மைசூரில் என்ன நடந்தது?

1831 முதல் 1881 வரை மைசூர் சமஸ்தானம் ஆங்கிலேய கமிஷனர்கள் கையில் இருந்தது. பள்ளிகளுக்கு அதிகாரியாக இருந்தவர் பி.எல்.ரைஸ். கல்வெட்டு ஆர்வலர்களுக்கு இவர் பெயர் நன்றாகத் தெரியும், 'எபிகிராஃபியா கர்னாடிகா' தொகுதிகளைக் கொண்டுவந்தவர். பெங்களூரிலேயே பிறந்தவர். 1868-ல் இவர் 'ஹோப்ளி பள்ளி'த் திட்டத்தைக் கொண்டுவந்தார். ஹோப்ளி என்றால் நம் ஊர் ஃபிர்கா மாதிரி, சில கிராமங்கள் சேர்ந்த வருவாய்ப் பிரிவு. ஒவ்வொரு ஹோப்ளியிலும் கன்னடத்தில் சொல்லிக்கொடுக்கும் ஒரு பள்ளி. ஊரார் இடம் கொடுக்கவேண்டும். ஆசிரியரைப் பயிற்சி கொடுத்து அரசு அனுப்பும். நிலவரியோடு வசூலான உள்ளூர் மேல்வரியில் ஒரு பங்கு இதற்குப் போனது.

என்னைக் கவர்ந்தது அந்த 'ஊரார் இடம் கொடுக்கவேண்டும்' என்கிற நிபந்தனை. ஏனென்றால் காசு கொடுத்தவனுக்குக் கேள்வி கேட்கும் உரிமை வந்துவிடுகிறது. அந்தக் கேள்விக்கு ஒரு மேடையும் மைசூரில் சீக்கிரமே வந்தது.

1881-ல் ஆட்சி மறுபடி உடையார் கைக்கு வந்தபோது திவானாக இருந்தவர் ரங்காச்சார்லு, செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர். அந்த வருஷம் அக்டோபர் 7-ம் தேதி, தசரா சமயத்தில், 144 பேரைக் கூட்டி மைசூர் பிரதிநிதி சபையைத் தொடங்கினார். நாங்கள் சின்ன வயதில் தசரா என்றால் ஜம்பூ சவாரி, பொருட்காட்சி, மிளகாய் பஜ்ஜி என்றுதான் அறிந்திருந்தோம். அந்தக் காலத்தில் தசரா என்பது சமஸ்தானத்தின் வருடாந்திரக் கணக்கு வாசிப்பும்கூட. வந்தவர்கள் நிலக்காரர்களும் வியாபாரிகளும்தான், சாதாரணக் குடியானவர் இல்லை. சபைக்குச் சட்ட அதிகாரமும் கிடையாது. ஆனாலும் திவான் வரவு செலவைச் சொல்வார், இவர்கள் எழுந்து குறைகளைச் சொல்வார்கள். 1923-ல் இந்தச் சபைக்குச் சட்டபூர்வமான இடம் கிடைத்தது; புது வரி விதிக்குமுன் சபையைக் கலந்துகொள்ளவேண்டும் என்பதும் அதில் ஒன்று.

இதற்கிடையில் இந்தியா முழுவதற்குமாக ஒரு முயற்சி நடந்தது. 1911 மார்ச்சில் கோபால கிருஷ்ண கோகலே கட்டாய ஆரம்பக் கல்வி மசோதாவைக் கொண்டுவந்தார். பயந்து பயந்து எழுதிய மசோதா அது. நகராட்சியோ மாவட்ட வாரியமோ தானாக முன்வந்தால்தான் கட்டாயம். அதற்குக் கல்வி வரி போட்டுக்கொள்ளலாம். செலவில் மூன்றில் இரண்டு பங்கை அரசு தரவேண்டும், ஒரு பங்கு உள்ளூர் பொறுப்பு. 1912 மார்ச்சில் 38-க்கு 13 என்ற ஓட்டில் தோற்றது. எதிர்த்தவர்களில் வெள்ளைக்கார அதிகாரிகள் மட்டுமல்ல, நம் ஜமீன்தார்களும் உண்டு. ஆடு மாடு மேய்க்கிற பிள்ளைகள் பள்ளிக்குப் போய்விட்டால் வயல் வேலைக்கு யார் என்பது அவர்கள் கவலை.

கல்கத்தாவில் தோற்றது மைசூரில் வேறு உருவத்தில் பிழைத்தது. பரோடாவில் சாயாஜிராவ் 1906-லேயே கட்டாயக் கல்வியைக் கொண்டுவந்திருந்தார். மைசூரில் 1913-ல் ஆரம்பக் கல்விச் சட்டம், முதலில் தேர்ந்தெடுத்த சில இடங்களில் மட்டும். அப்போது திவான் விஸ்வேஸ்வரய்யா. அவருடைய ஆறு வருஷத்தில் (1912-18) சமஸ்தானத்துப் பள்ளிகளின் எண்ணிக்கை சுமார் 4,500-லிருந்து பத்தாயிரத்தைத் தாண்டியது என்பார்கள். அணை கட்டியவர் என்றுதான் அவரை நமக்குத் தெரியும், பள்ளிக்கூடமும் கட்டினார்.

சென்னையில் 1920-ல் ஆரம்பக் கல்விச் சட்டம் வந்தது. தாலுகா போர்டும் நகராட்சியும் கல்வி வரி விதிக்கலாம், விதித்தால் அரசும் தன் பங்கைப் போடும். இன்றைக்கும் தமிழ்நாட்டு நகரங்களில் வீட்டு வரி ரசீதைப் பார்த்தால் கல்வி வரி என்று ஒரு பங்கு இருக்கும். அதன் பாட்டன் இந்தச் சட்டம்தான். சென்னையில் வீடு வைத்திருப்பவர்கள் அடுத்த முறை பார்க்கவும்.

மைசூரில் இதைவிடத் துணிச்சலான காரியம் 1930-ல் நடந்தது, மிர்ஸா இஸ்மாயில் திவானாக இருந்தபோது. ஆரம்பக் கல்வியை அப்படியே உள்ளூர் அமைப்புகளிடம் ஒப்படைக்கும் சட்டம். மாவட்ட போர்டுகளும் பெரிய நகராட்சிகளும் இனி பள்ளிகளை நடத்தும். கல்வி வரியும் கூடவே வரும். இப்போது நான் இருக்கும் ஊரின் பள்ளி வாரியத்துக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கிட்டத்தட்ட ஒரு 'ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்'!

பதினோரு வருஷம்தான். 1941-ல் இன்னொரு சட்டம் போட்டு அரசு ஆரம்பக் கல்வியைத் திரும்பத் தன் கைக்கே எடுத்துக்கொண்டது. இன்றுவரை கர்நாடகத்தில் அரசுப் பள்ளி ஆசிரியர் மாநில அரசு ஊழியர்தான்.

ஏன் நிலைக்கவில்லை? இது என் வாசிப்பு மட்டுமே. ஒன்று, காலம். 1930 என்றால் உலகமே பொருளாதார மந்தத்தில் கிடந்த நேரம். தானிய விலை விழுந்தது, நிலவரியே பாரம், அதற்கு மேல் ஒரு வரியை எங்கே வசூலிப்பது? இரண்டு, வரி போடுகிறவனின் தயக்கம். போர்டு மெம்பர் பெரும்பாலும் நிலக்காரர். வரி விழுவது அவர் தலையில், பள்ளிக்குப் போவது அவரிடம் கூலி வேலை செய்பவரின் பிள்ளை. அவர் பிள்ளை எப்படியும் மைசூரில் தங்கிப் படிக்கும். மூன்று, ஓட்டு. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பவேண்டிய பெற்றோரில் பெரும்பாலோருக்கு அப்போது ஓட்டே கிடையாது. வரி கட்டுபவர், ஓட்டுப் போடுபவர், பிள்ளையை அனுப்புபவர் மூவரும் மூன்று வேறு ஆட்களாக இருந்தால் உள்ளூர் வரி வேலை செய்யாது. அமெரிக்காவிலும் அது ஓரளவு வேலை செய்வதற்குக் காரணம், பல ஊர்களில் அந்த மூவரும் ஒரே ஆளாக இருப்பதுதான்.

இந்தத் தோல்வி நமக்கு மட்டும் சொந்தமில்லை. இங்கிலாந்தில் 1870-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட பள்ளி வாரியங்களை உண்டாக்கி, உள்ளூர் வரியிலிருந்து பணம் கேட்கும் உரிமையும் கொடுத்தார்கள். 1902-ல் அவற்றைக் கலைத்துவிட்டு கவுண்டி, நகர மன்றங்களிடம் கொடுத்துவிட்டார்கள்.

சரி, இன்றைய மைசூர்? எங்கள் ஊரில் வீட்டு வரிக்கு இன்னமும் 'கந்தாயம்' என்றுதான் பெயர். கொங்குப் பக்கத்துக்காரர்களுக்கும் இந்தச் சொல் அந்நியமாக இருக்காது. அப்பா ஏப்ரல் பிறந்ததும் போனில் சொல்லிவிடுவார்: "இந்த மாசத்துக்குள்ள கந்தாயம் கட்டினா அஞ்சு பர்சென்ட் தள்ளுபடிடா." 2000களின் தொடக்கத்திலிருந்து சுய மதிப்பீட்டு முறை, வீட்டின் அளவு, அரசு நிர்ணயித்த வழிகாட்டு மதிப்பு எல்லாம் வைத்து நாமே கணக்குப் போட்டுக் கட்டவேண்டும். அதோடு மேல்வரிகள்: சுகாதாரத்துக்கு 15 சதவீதம், நூலகத்துக்கு 6, பிச்சைக்காரர் மறுவாழ்வுக்கு 3.

நூலக வரியின் கதையில் நமக்கும் பங்குண்டு. சீர்காழிக்காரரான எஸ்.ஆர்.ரங்கநாதனின் முயற்சியால் 1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது, வீட்டு வரியோடு நூலக வரியும். மைசூர் மாநிலத்தில் அப்படிப்பட்ட சட்டம் 1965-ல்.

ஆனால் இங்கே கவனிக்கவேண்டியது ஒன்று. இந்த மேல்வரிகளில் முதலில் முடிவாவது வீதம். 6 சதவீதம் என்றால் 6 சதவீதம். அதில் எவ்வளவு விழுகிறதோ அதுதான் நூலகத்துக்கு. நூலகத்துக்கு இந்த வருஷம் எவ்வளவு வேண்டும் என்று யாரும் ஊராரைக் கேட்பதில்லை. ஊராரும் என்ன வாங்கினாய் என்று கேட்பதில்லை. வசூலித்த நூலக வரியை உள்ளாட்சிகள் நூலகத்துறைக்கு ஒழுங்காகச் செலுத்துவதில்லை என்ற செய்தி இரண்டு மாநிலத்திலும் எத்தனையோ வருஷமாகப் பத்திரிகைகளில் வருகிறது. கட்டியவருக்கே தெரியாத வரியில் கேள்வி எங்கிருந்து வரும்?

பள்ளிக்கும் இதே கதி. மத்திய அரசு 2004-ல் வருமான வரியோடு 2 சதவீதம் கல்வி மேல்வரி போட்டது, இப்போது சுகாதாரத்தையும் சேர்த்து 4 சதவீதம். பணம் டெல்லிக்குப் போய்த் திரும்பி வருகிறது. கர்நாடகத்தில் 2001-லிருந்து ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் பெற்றோர் அடங்கிய மேம்பாட்டுக் குழு உண்டு. நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தக் குழு ஒரு ரூபாய் வரி போட முடியாது, ஓர் ஆசிரியரை நியமிக்க முடியாது.

இதைப் படித்துவிட்டு 'அமெரிக்கா உசத்தி' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். உள்ளூர் வரியின் மறுபக்கம் கொடூரமானது. வசதியான ஊரில் குறைந்த வீதத்திலேயே நிறையப் பணம் சேரும். ஏழை ஊரில் இரண்டு மடங்கு வீதம் போட்டாலும் சேராது. இது நியாயமா என்று டெக்சஸிலிருந்து ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1973-ல் 5-க்கு 4 என்ற கணக்கில் அரசியல் சட்டப்படி இதில் தவறில்லை என்று சொல்லிவிட்டார்கள். அதே வருஷம் நியூஜெர்சி நீதிமன்றம் நேர்மாறாக, ஏழை ஊர்ப் பிள்ளைக்கும் முழுமையான கல்வி தருவது மாநிலத்தின் கடமை என்றது. சட்டசபை பணத்துக்கு வழி செய்யாமல் இழுத்தடிக்க, 1976 ஜூலை 1 முதல் பள்ளிகளுக்குச் செலவு செய்யவே நீதிமன்றம் தடை போட்டது. ஒரு வாரத்தில் நியூஜெர்சியில் வருமான வரி பிறந்தது. நம் சம்பளச் சீட்டில் மாநில வரி என்று பிடிக்கிறார்களே, அதன் பிறப்பு ரகசியம் இதுதான்.

ஆக, எல்லாவற்றையும் தலைநகரில் வைத்தால் சமத்துவம் வரலாம், கேள்வி கேட்கும் பழக்கம் போய்விடுகிறது. எல்லாவற்றையும் ஊரிலேயே வைத்தால் கேள்வி வரும், ஏழை ஊர் ஏழையாகவே இருக்கும். மைசூர் பதினோரு வருஷத்தில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தாவியது. நியூஜெர்சி ஐம்பது வருஷமாக இரண்டுக்கும் நடுவில் தள்ளாடுகிறது.

இந்தப் பழங்கதையெல்லாம் இப்போது எதற்கு என்றால், வரும் நவம்பரில் எங்கள் ஊர் ஓட்டுச்சீட்டில் பள்ளி வாரியம் ஒரு கேள்வி வைக்கப்போகிறது. 2 சதவீத வரம்புக்கு மேலே போக அனுமதி வேண்டும், இல்லையென்றால் ஆரம்பப் பள்ளிகளில் ஆசிரியர் குறைப்பு. இங்கே வீடு வாங்கும்போது பள்ளித் தரவரிசையைப் பார்த்துத்தான் வாங்கினோம். பிள்ளைகள் கல்லூரிக்குப் போனதும் "இனி எனக்கென்ன?" என்று சொல்லும் குரல்கள் நம் வீடுகளிலிருந்தும் வர ஆரம்பித்திருக்கின்றன. சிலர் வரி குறைந்த மாநிலத்துக்கு வீடு மாற்றப் பார்க்கிறார்கள். எதிர்த் தெருவில் பென்ஷனில் தனியாக வாழும் மூதாட்டியின் கஷ்டம் வேறு. அது உண்மையான கஷ்டம். வருமானம் குறைந்த முதியோருக்கு ஏறிய வரியைத் திருப்பித் தரும் திட்டம் இந்த மாநிலத்தில் இருக்கிறது, அவருக்கு விண்ணப்பம் நிரப்ப உதவலாம். ஆனால் இரண்டு சம்பளம் வாங்கும் நாம் அவர் கஷ்டத்தின் பின்னால் ஒளிந்துகொள்ளக்கூடாது.

மைசூரில் அப்பா வீட்டுத் தெருக்கோடியில் ஒரு அரசு கன்னடப் பள்ளி இருக்கிறது. எங்கள் தெருவில் யாரும் பிள்ளையை அங்கே அனுப்பவில்லை, எங்கள் வீட்டிலும்தான். எல்லோரும் ஃபீஸ் கட்டினோம். இப்போது அங்கே படிப்பவர்கள் ஒரு கை எண்ணிக்கை, எல்லாம் வீட்டு வேலைக்கு வருபவர்களின் பிள்ளைகள். அதை மூடினால் எங்கள் தெருவில் ஒரு வீட்டிலும் பேச்சு எழாது. 1930-ல் போர்டு மெம்பரின் பிள்ளை வேறு ஊரில் படித்தது போலத்தான் இதுவும்.

நான் நவம்பரில் 'சரி' என்றுதான் குத்தப்போகிறேன். அதற்குமுன் பட்ஜெட் கூட்டத்துக்குப் போய் அந்த மருத்துவக் காப்பீட்டுச் செலவு ஏன் அப்படி ஏறியது என்றும் கேட்கப்போகிறேன். கட்டுவதும் கேட்பதும் சேர்ந்தே இருக்கவேண்டும். கேள்வி இல்லாத வரி என்ன ஆகும் என்று நம் ஊர் நூலகங்களைப் பார்த்தால் தெரிகிறது. வரியில்லாத கேள்விக்கு எவ்வளவு மரியாதை என்று அந்தப் பெற்றோர் குழுக்களைக் கேட்டால் சொல்வார்கள்.

உங்கள் ஊரில் எப்படி? கலிஃபோர்னியாக்காரர்கள், டெக்சஸ்காரர்கள், கனடா, லண்டன் நண்பர்கள் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் வீடு இருப்பவர்கள், அந்தக் கல்வி வரி எவ்வளவு போட்டிருக்கிறது என்று ரசீதை எடுத்துப் பார்த்து எழுதினால் இன்னும் சந்தோஷம்.